கண் திறக்காத படை

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வழி உள்ளவர்கள் எல்லோரும் லண்டன், ஜேர்மனி என்று வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து உள்ளே வந்தவர் என் அக்காவின் கணவர் ஒருவர்தான். கலியாணம் முடித்த கையோடு கணக்கியல் படிக்கப் போனவர். ஆறு வருடம் அங்கே இருந்தும் சோதனை ஒன்றிலும் சித்தியடையவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு சூட்கேஸ் கொண்டுவந்தார். ஒன்றில் எங்கள் ஊர் தெல்லிப்பழை வெயிலுக்குப் போட முடியாத கம்பளிச் சட்டைகள். மற்றதில் ஈயப் பொம்மைகள்.

ஆறு வருடமாக ஊர் வாயைத் தாங்கிக்கொண்டிருந்த அக்கா அந்தச் சூட்கேஸைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாள். நான் சொன்னேன். "உதுக்கோ அக்கா இவ்வளவு காலம் இருந்தனீ?" என்று கேட்டேன். அவள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் இல்லை. வீடு அக்காவின் சீதனம். காணி உறுதியில் அவள் பெயர்தான் இருந்தது, தங்கையான நான் அதில் ஒரு அறையில் இருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. ஏ.எல். எடுத்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், கலியாணமும் சரிவராமல், வீட்டில் நின்றேன். எனக்கு எல்லோர் மேலும் கோபம். அத்தான் வந்த பிறகு அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

பொம்மைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு விரற்கணு உயரம். காது நீண்டு மூக்குக் கூர்ந்த குட்டிப் பூதங்கள், ஓநாய்மேல் ஏறிய பூதங்கள், மரக்குற்றியைத் தோளில் வைத்த ஒரு பெரிய பூதம், காட்டுப்பன்றிமேல் இருக்கும் படைத்தலைவன், இவர்களுக்கு எதிரிகளாகத் தாடி வைத்த குள்ளர்கள். பெரிய மேசையில் கல்லும் மண்ணும் குவித்து மலை, ஆறு என்று வைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்தி, அடிமட்டத்தால் அங்குலம் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி, யார் செத்தார்கள், யார் ஓடினார்கள் என்று பார்ப்பது. அதுதான் விளையாட்டு. லண்டனில் வயதுவந்த ஆண்கள் சனிக்கிழமைகளில் இதைத்தான் செய்கிறார்களாம். அத்தான் ஏன் சோதனை பாஸ் பண்ணவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

பொம்மைகள் வெறும் ஈயமாகத்தான் வந்தன. நிறம் நாங்கள்தான் பூச வேண்டும். நிறம் பூசாத ஆளை மேசையில் நிறுத்தக்கூடாது என்பது அந்த விளையாட்டுக்காரரின் கட்டுப்பாடு. அத்தான் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வந்து, முன்னறை யன்னலடியில் இருந்து ஒரு பூதத்துக்குப் பச்சை பூசினார். ஒரு கிழமை பூசினார். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்த கதைதான். மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை.

"அத்தான், உது என்ன, பாசி பிடிச்ச கிழங்கோ?" என்றேன்.

"நக்கல் அடிக்கிறது லேசு. நீ ஒண்டைச் செய், பாப்பம்."

செய்தேன். அவரைத் தலைகுனிய வைக்கத்தான் செய்தேன், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைச் செய்து முடித்தபோது இரண்டாவதை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் வார்ப்பில் வந்த பிசிரை நகம் தேய்க்கும் அரத்தால் உராய்ந்து எடுக்க வேண்டும். பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ற் பிடிக்காது. நூற்கட்டையின் தலையில் மெழுகால் ஒட்டினால் பிடித்துத் திருப்ப வசதி. முழுக்க வெள்ளை. அதன்மேல் பச்சை. அதன்மேல், இதைத்தான் அத்தானின் ஆங்கிலப் புத்தகம் பெரிய இரகசியம்போலச் சொன்னது, கறுப்பைத் தேர்ப்பன்ரைன் எண்ணெயில் தண்ணீராகக் கரைத்து ஊற்ற வேண்டும். அது தானாக ஓடிப்போய்ச் சட்டை மடிப்பிலும் விரல் இடுக்கிலும் தங்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு தூரிகையில் வெளிறிய பச்சையைத் தொட்டு, அதைப் பழந்துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, பொம்மையின் மேலால் மெல்லத் தடவ வேண்டும். புடைத்த இடங்களில் மட்டும் நிறம் ஏறும். அந்தக் கணத்தில் ஈயத்துக்குக் கன்னமும் முழங்காலும் வந்துவிடும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். இருபத்து மூன்று வயதில் என் கையால் ஒன்று சரியாக வந்தது இதுதான் முதல்தடவை.

சின்னச் சின்ன இடத்துக்குத் தூரிகை போதவில்லை. பின்வளவில் நின்ற தேசி எலுமிச்சை மரத்தில் முள் ஒடித்து அதன் நுனியால் பல் வைத்தேன், நகம் வைத்தேன், தோல்வாரில் ஆணி வைத்தேன். அத்தான் கொண்டுவந்த சின்னப் பெயின்ற் பேணிகள் முடிய, சைக்கிள் கடைப் பெயின்ற்றைக் கலந்து சமாளித்தேன். காலடிக்குச் செம்மண்ணைத் துணியில் அரித்து ஒட்டினேன். லண்டன் பூதங்கள் எங்கள் தோட்டத்து மண்ணில் நின்றன. ஒரு வருடத்துக்குள் அறுபத்து மூன்று பேர்.

குள்ளர் படையை அத்தான் ஒரு விஞ்ஞான வாத்தியாருக்குக் கொடுத்தார். விளையாட எதிராள் வேண்டுமே. வாத்தியார் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் ஒழுங்கான மனுஷன். தன் குள்ளர்களைத் தானே பூசினார், எல்லோருக்கும் ஒரே கத்தரிக்காய் நிறம். அதனால் எங்கள் மேசையில் பூதங்களைக் கண்டபோது அவருக்கு அதன் அருமை தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாய்க் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"ஆர் ஐசே இதைப் பூசினது?"

"வேற ஆர்? நான்தான்," என்றார் அத்தான்.

நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன். அத்தான் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "நானும்தான் பூசினனான்," என்று நான் வாய் திறந்தேன். அந்த "நானும்" என்ற சொல்லுக்காக இன்றைக்கும் என்னை நான் செருப்பால் அடிப்பேன். அத்தான் சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், இவதான் எனக்குத் தூரிகை கழுவித் தாறவ," என்றார். வாத்தியாரும் சிரித்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"நீ ஏன் அப்பவே சொல்லவில்லை?" என்று இப்போது கேட்கிறார்கள். சொல்லலாம். அக்காவின் வீட்டில், அக்காவின் புருஷனை, வெளி ஆளுக்கு முன்னால் பொய்யன் என்று சொல்லிவிட்டு அன்று மாலை எங்கே போய்ப் படுப்பது என்றும் சேர்த்துச் சொல்லித் தாருங்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருக்கக்கூடும். வாத்தியார் உயிரியல் வழிகாட்டிப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். அச்சுவேலியில் ஒரு சின்ன அச்சகம் அதைப் போட்டது. தவளையின் குடல், கரப்பானின் வாய், பூவின் குறுக்குவெட்டு என்று நாற்பது படம் வேண்டும். இவ்வளவு நுணுக்கமான கை இருக்கிறதே, நீங்களே படங்களைக் கீறித் தாருங்கள் என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் ஒத்துக்கொண்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. மாலை தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"கீறித் தா பிள்ளை. எனக்கு டியூட்டரி நேரமாகுது."

கீறினேன். ஏன் என்று கேட்காதீர்கள். கீற ஆசையாக இருந்தது, அதுதான். செத்த தவளையை வைத்துப் பார்த்துக் கீறினேன், கரப்பானைப் பிடித்துக் கால் பிய்த்துக் கீறினேன். புத்தகத்தின் முதல் பாகம் வந்தது. முதற்பக்கத்தில் "படங்கள்" என்று போட்டு அத்தானின் பெயர், லண்டன் என்று அடைப்புக்குறிக்குள் வேறு.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பேரில என்ன கிடக்கு? வீட்டுக்குள்ளதானே."

"உனக்குத் தெரியும்தானே அக்கா, ஆர் கீறினதெண்டு."

"தெரியும். அதுக்கு?" என்றாள். கத்தியை நிறுத்தவில்லை.

இரண்டாம் பாகம் தொடங்கும் நேரம் வாத்தியார் ஒரு செய்தியோடு வந்தார். அச்சகக்காரர் இனிப் பாடப்புத்தகங்கள்தான் போடப் போகிறாராம். படம் கீற ஒரு ஆளை நிரந்தரமாக வைக்கப் போகிறார், அச்சகத்திலேயே ஒரு மேசை. "நீங்கள் வாறியளோ?" என்று அத்தானைக் கேட்டார். அத்தான் டியூட்டரியை விட்டு எப்படிப் போவார்? ஏலாது என்றார். "அப்ப பட்டணத்தில ஒரு பெடியன் இருக்கிறான். வாற கிழமைக்குள்ள அவனுக்கு முடிவு சொல்லவேணும்," என்றார் வாத்தியார்.

நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டேன். எனக்கு அந்த மேசை வேண்டும். வாழ்க்கையில் எதையும் அப்படி நான் விரும்பியதில்லை. கலியாணத்தையும் இல்லை, பல்கலைக்கழகத்தையும் இல்லை. அவர் போன பிறகு அத்தானிடம் நேராகவே கேட்டேன்.

"அத்தான், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான்தான் கீறினதெண்டு. எனக்கு அந்த வேலை கிடைச்சிடும். உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை."

"இப்ப போய்ச் சொன்னா அந்தாள் என்னை என்னெண்டு நினைக்கும்? புத்தகத்தில பேரும் வந்திட்டுது. ஊர் ஏற்கெனவே கதைக்கிறது போதாதே?" என்றார். பிறகு குரலை மாற்றி, "சனிக்குள்ள பூதங்களுக்குக் கண்ணையும் வச்சு முடி. வாத்தியார் விளையாடக் கேட்கிறார்," என்றார்.

உண்மைதான், அறுபத்து மூன்று பேருக்கும் கண் வைத்திருக்கவில்லை. ஆங்கிலப் புத்தகம் முகத்தை முடித்துவிட்டு மற்றதற்குப் போகச் சொல்லியிருந்தது. நான் கேட்கவில்லை. கோயிலில் வாகனத்துக்குப் புதுவர்ணம் பூசும்போது பார்த்திருக்கிறேன். குதிரை முழுவதும் முடிந்து, கடிவாளம், சலங்கை எல்லாம் மினுங்கும். கண் மட்டும் வெள்ளையாக இருக்கும். நாள் பார்த்து, ஆசாரி திரை பிடித்து, கடைசியாகத்தான் கண் திறப்பார். அதைப் பார்த்துப் பழகிய கைக்குக் கண்ணை முதலில் வைக்க வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அத்தான் "கண்ணையும் வச்சு முடி" என்று சொன்ன அந்த நிமிடத்தில் என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. அது நல்ல விளக்கு என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் வாத்தியார் வந்தார். பூதங்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னும் ஒருத்தனுக்கும் கண் வைக்கேல்லையோ?" என்றார். அத்தான் வாய் திறக்க முதல் நான் வாசலில் நின்று சொன்னேன்.

"சேர், எங்கடை சமயத்தில கண் கடைசியாத்தான் வைக்கிறது. அதுக்கு ஒரு நாள் இருக்கு. ஆர் செய்தாரோ அவர்தான் தன்ரை கையாலை திறக்கவேணும். வேற ஆள் தொடப்படாது. அத்தான் அதுக்குத்தான் வச்சிருக்கிறார்."

வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உதை நான் பாக்கவேணும்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய வாறன். அச்சகக்காரரையும் கூட்டிக்கொண்டு வாறன், அவரும் படையைப் பாக்க ஆசைப்பட்டவர்," என்றார்.

அத்தான் என்ன சொல்வார்? லண்டனுக்குப் போய்வந்த சைவப்பிள்ளை, வேதக்காரருக்கு முன்னால், எங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது என்பாரா? "ஓம் ஓம், அப்பிடித்தான்," என்றார். நெற்றியில் வேர்வை.

அக்கா குசினியில் என்னைப் பிடித்தாள். "கோயிலில ஆசாரி எல்லோ கண் திறக்கிறவர்? திரைக்குப் பின்னால எல்லோ? நீ என்ன புதுக்கதை விடுறாய்?"

"புதுக்கதை இல்லை. ஆசாரிதான் திறக்கவேணும். அத்தான்தானே ஆசாரி?"

அக்காவின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்பை ஊதப் போனேன்.

அந்தக் கிழமை முழுவதும் அத்தான் உடைந்த பொம்மை ஒன்றை எடுத்து அறைக்குள் இருந்து பழகினார். சனிக்கிழமை காலை என்னிடம் வந்தார். குரல் குழைந்திருந்தது.

"பிள்ளை, நீ இண்டைக்கே வச்சு விடு. நாளைக்கு நான் மேலால சும்மா தொட்டுக் காட்டிறன்."

"உண்மையைச் சொல்லுங்கோ அத்தான். நாளைக்கு அவையள் வந்த உடனை, ஒரு வசனம். நான் அறுபத்து மூண்டுக்கும் வச்சுத் தாறன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். நான் வாசலை அடைக்கவில்லை, இதை எழுதிவைக்கிறேன். கடைசிவரைக்கும் ஒரு வழி திறந்துதான் இருந்தது.

ஞாயிறு பத்தரைக்கு இருவரும் வந்தார்கள். அச்சகக்காரர் கட்டையான, மெதுவாகக் கதைக்கிற மனுஷன். அக்கா வடை சுட்டிருந்தாள், வாழைப்பழம் வைத்திருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். முன்னறை மேசையில் நான்தான் படையை அடுக்கினேன். முன்வரிசையில் குட்டிகள், பக்கங்களில் ஓநாய்க்காரர், நடுவில் பெரிய பூதம், அதற்குப் பக்கத்தில் பன்றிமேல் தலைவன். எல்லோருக்கும் கண் இருக்கும் இடம் வெள்ளை. இருக்கிறதிலேயே நல்ல தூரிகையைக் கழுவி வைத்தேன், கறுப்பைச் சரியான பதத்தில் கரைத்து வைத்தேன். அதில் நான் கள்ளம் செய்யவில்லை.

அத்தான் கதிரையில் இருந்து தலைவனை எடுத்தார். தூரிகையைக் கறுப்பில் தொட்டார். வைத்தார். வலக்கண் இருக்க வேண்டிய இடத்தில் மிளகளவு கறுப்பு, கன்னத்தில் வடிந்தது.

"ஹெலிச் சத்தத்துக்குக் கை ஆடிட்டுது," என்றார்.

அன்று ஹெலிகொப்டரே வரவில்லை. பலாலி முகாம் பக்கம் வெறும் வானம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். வாத்தியார் யன்னலால் வெளியே பார்த்துவிட்டு, "ஆறுதலாச் செய்யுங்கோ," என்றார். அத்தான் தேர்ப்பன்ரைன் துணியால் துடைத்தார். துடைத்த துணியில் கறுப்போடு பச்சையும் வந்தது. நான் நான்கு நாள் பூசிய முகம் அது. தலைவனுக்கு மூக்கில் ஈயம் தெரிந்தது. எனக்கு நொந்தது, அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

அவர் தலைவனை வைத்துவிட்டு ஒரு குட்டியை எடுத்தார். அதற்கும் அதே கதி. மூன்றாவதை எடுக்கவில்லை. தூரிகையைப் பிடித்தபடி இருந்தார். ஒருவரும் வடையைத் தொடவில்லை.

வாத்தியார் மெல்லத் திரும்பி என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் ஒரு வருடத்துப் பச்சை, எந்தச் சவுக்காரத்துக்கும் போகாதது.

"தங்கச்சி, இது நீரோ பூசினது?"

அத்தான் தலையை நிமிர்த்தினார். சொல்லத்தான் போனார் என்று இன்றைக்கும் நம்புகிறேன், உதடு பிரிந்தது. அதற்கிடையில் அக்கா வந்தாள். என்னைத் தாண்டி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இல்லை சேர். எல்லாம் அவர்தான். புத்தகத்துப் படமும் அவர்தான். இரவு பகலாக் கண் முழிச்சுச் செய்தவர், அதுதான் கை நடுங்குது. இவளுக்கு உது ஒண்டும் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். பொய் சொல்லத் தெரியாத அக்கா. கள்ளத்தனமாக ஒரு மாங்காய் தின்றாலும் முகத்தில் எழுதி ஒட்டிவைத்திருப்பவள். அவள் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிரட்டவில்லை. விட்டுவிடு என்று கேட்டாள், வாய் திறக்காமல். ஊர் ஆறு வருடம் சிரித்த சிரிப்பு முழுவதும் அந்த முகத்தில் இருந்தது.

நான் விட்டிருக்கலாம். பட்டணத்துப் பெடியன் மேசையில் இருந்திருப்பான். வீட்டில் எல்லோரும் வடை தின்றிருப்போம்.

"எழும்புங்கோ அத்தான்," என்றேன்.

எழும்பினார். கதிரையைப் பின்னால் இழுத்து எனக்கு வசதியாகவும் விட்டார். நான் இருந்தேன். தூரிகையைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து தேசிமுள்ளை எடுத்தேன். ஆம், கொண்டுதான் வந்திருந்தேன். கறுப்பில் தொட்டு, மூச்சைப் பிடித்து, முன்வரிசையில் முதலாவதுக்கு வலக்கண், இடக்கண். அடுத்தது. அடுத்தது. ஓநாய்களுக்கும் வைத்தேன். பெரிய பூதத்துக்கு அண்ணாந்து பார்க்கும் கண் வைத்தேன். அத்தான் கெடுத்த குட்டியின் கறுப்பை முள் நுனியால் சுரண்டி அதற்கும் வைத்தேன். மூக்கில்லாத தலைவனுக்கும் வைத்தேன். அறுபத்து மூன்று பேரும் பார்க்கத் தொடங்கும்வரை நான் எழும்பவில்லை. என் கை ஒருமுறையும் ஆடவில்லை.

அச்சகக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "திங்கக்கிழமை வாரும் பிள்ளை," என்றார். அவ்வளவுதான். இருவரும் போய்விட்டார்கள். அத்தான் அவர்களை வழியனுப்பப் போய் மத்தியானம்வரை திரும்பி வரவில்லை.

அக்கா குசினியில் தொடாத வடையைப் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ இந்த வீட்டில இருக்கிறதுக்கு அந்த மனுசன் ஒரு நாள் ஒரு சொல்லுச் சொன்னவரோ?" என்றாள். "உன்ரை மச்சாள்மாருக்கு, மாமிமாருக்கு முன்னால எல்லாம் உனக்காகக் கதைச்சவர். என்ரை தங்கச்சி மாதிரி எண்டு சொன்னவர். அவரை இண்டைக்கு நிர்வாணமா நிப்பாட்டிப்போட்டாய்."

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மை என் கோபத்தைக் குறைக்கவில்லை. "நீ ஏன் பொய் சொன்னனீ? அவர் சொல்ல வெளிக்கிட்டவர்," என்றேன்.

"எனக்குத் தெரியும் அவர் சொல்ல வெளிக்கிட்டவரெண்டு. அதுதான் சொன்னனான்," என்றாள். "உனக்குக் கை நல்லம். அதை மட்டும் வச்சுக்கொண்டு இரு."

அன்றிலிருந்து ஒரே குசினியில் இரண்டு அடுப்பு. அவள் சமைத்து முடித்து வெளியே போன பிறகுதான் நான் உள்ளே போவேன். உப்புப் பேணியும் இரண்டாகிவிட்டது. அத்தான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பொதுவாக "மழை வரும்போல கிடக்கு" என்பார். அவள் முற்றத்துக்குப் போவாள், நான் அறைக்குப் போவேன். பூதங்களைச் சூட்கேஸில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். வாத்தியாரோடு அதற்குப் பிறகு விளையாடவே இல்லை.

திங்கட்கிழமை சைக்கிளில் அச்சுவேலிக்குப் போனேன். சுவரோடு போட்ட மேசை, யன்னல் வெளிச்சம் இடப்பக்கம், நல்ல மேசை. ஆறு மாதம் கீறினேன். மனிதக் காது, இதயம், மண்புழு. இரண்டாம் பாகத்தின் முதற்பக்கத்தை அச்சுக்கோத்து ஒரு தாளில் அடித்து வாத்தியார் என்னிடம் காட்டினார். "படங்கள்" என்ற இடத்தில் அத்தானின் பெயர் இருந்தது.

"முதல் பாகத்தில வந்த பேர்," என்றார் வாத்தியார், என் முகத்தைப் பார்க்காமல். "பெடியளுக்கு அது பழகிட்டுது. லண்டன் எண்டும் இருக்கு. மாத்தினா விக்கிறது கரைச்சல். வேலை உமக்குத்தானே தங்கச்சி, பேரில என்ன கிடக்கு?"

அக்காவின் வசனம். சொல் மாறாமல் அதே வசனம்.

"சேர்," என்றேன், "நான் என்ரை அக்காவை வித்துப்போட்டுத்தான் இந்தக் கதிரையில வந்து இருக்கிறன். அந்தப் பேரை மாத்தாமல் ஒரு கோடும் கீறமாட்டன். எழும்பவும் மாட்டன்."

அச்சுக்கோக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அச்சகக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வாத்தியாருக்கு முகம் சிவந்தது. என்னைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், இருக்கட்டும். அவர் பேனையை எடுத்து அத்தானின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார். எழுத்தைக் கூடக் கவனமாக எழுதினார்.

புத்தகம் ஒரு வியாழக்கிழமை வந்தது. மை காயாத மணம். முதற்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு. நான் கேட்டது, கேட்டபடியே. ஒரு பிரதியை எடுத்துத் துணியில் சுற்றி சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குசினியில் அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு தெரிந்தது. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். சோறு வடித்தாள், கறியை இறக்கினாள், அடுப்பை அணைத்தாள். என்னைத் தாண்டி வெளியே போனாள். சேலை என் கையில் பட்டது. அவள் நிற்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரைக் காட்ட எனக்கு உலகத்தில் அவளைத் தவிர வேறு ஒருவரும் இருக்கவில்லை.